மூன்றாவது வாளி

பேராக் ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
செம்பனை முடிந்து கடைவீதி தொடங்கும் இடத்தில்
நிற்கிறார் முனியாண்டி.
முதுகுக்குப் பின்னால் பெட்ரோல் நிலையம்.
எதிரே காசு போட்டால் துவைக்கும் கடை,
ராப்பகலாகச் சுற்றிக்கொண்டு.

கிடா எழுநூற்று எண்பது வெள்ளி.
கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்தேன்.
ஒரு பொட்டு வெள்ளை இருந்தாலும் ஆகாது என்றார்கள்.
மயிர் மயிராக விலக்கிப் பார்த்துவிட்டேன்,
முழுக் கறுப்பு.

வேண்டிக்கொண்டது ஈப்போ பெரியாஸ்பத்திரியில்.
குலை ஏற்றிய லோரி பின்னுக்கு வந்து
சன்னாசியின் காலைச் சுவரோடு வைத்து நசுக்கிய இரவு.
ஆளைக் கொடு, ஆடு தருகிறேன்.
என் வாய்தான் சொன்னது.
சாமி பேரம் பேசவில்லை.
ஆளைக் கொடுத்தார்,
வலது முட்டிக்குக் கீழே தவிர.

வெள்ளிக்கிழமை சமய வகுப்பில்
திலகேஸ்வரி நகலெடுத்த தாள் ஒன்று நீட்டினாள்.
மறையிலேயே இருக்கு அக்கா, படிங்க.
உயிரைக் கொன்று படைக்காதே என்ற இடத்தில்
சிவப்பு மையில் கோடு.
மூன்று வரி மேலே
கொடுத்த வாக்கை மீறாதே என்றும் இருந்தது.
அதற்குக் கோடு இல்லை.
தாளை மடித்து
அரிசி டின்னுக்குள் வைத்தேன்.

புதுத் தாமானில் இருந்து வீடியோ எடுக்கிறார்கள்,
எட்டு மணிக்குள் முடிங்க என்றார் தலைவர் மாசிலாமணி.
இல்லையென்றால் பூசணிக்காய் இருக்கிறதே,
குங்குமம் தடவி வெட்டிவிடலாம்.
அங்கமுத்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தான்.
பூசணிக்கு எதுக்குங்க சிவப்பு என்றான்,
தலை நிமிராமல்.

இங்கே ஒரு வழக்கம்.
மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றி
ஆடு உடம்பைச் சிலிர்க்கும்வரை நிற்பார்கள்.
துலுக்கினால் சம்மதம்.
துலுக்காத ஆட்டை வெட்டக் கூடாது.

முதல் வாளி.
அது துவைக்கும் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.
இரண்டாவது வாளி.
கழுத்து மாலையிலிருந்து ஒரு வெற்றிலையை இழுத்துத் தின்றது.
உறுமிக்காரர் நிறுத்திவிட்டுக் கைப்பேசியைத் தடவினார்.
மூன்றாவது வாளியை நானே ஊற்றினேன்.
நடுங்கியது.

துலுக்கிடுச்சு, துலுக்கிடுச்சு
என்று கத்தினார்கள்.

துலுக்கவில்லை.
அந்த நடுக்கம் எனக்குத் தெரியும்.
ஏர்கோன் குளிரில் சன்னாசி அப்படித்தான் நடுங்கினார்,
காலை எடுக்கச் சம்மதம் என்று
மலாயில் அச்சடித்த தாளில்
தாதி அவர் பெருவிரலைப் பிடித்து
நீல மையில் அழுத்தி எடுத்தபோது.
சம்மதிச்சிட்டார் என்று
அப்போதும் யாரோ சொன்னார்கள்.
அந்தத் தாளாவது அவரைப் பிழைக்க வைத்தது.

கயிற்றைப் பிடித்தேன்.
மறை ஞாபகத்துக்கு வரவில்லை,
கோடு போட்ட வரியும், போடாத வரியும்.
நனைந்த கழுத்து சூடாக இருந்தது.
அவ்வளவுதான்.

இது சம்மதிக்கல என்றேன்.

உறுமிக்காரர் என்னைப் பார்த்தார்,
மாசிலாமணி மணியைப் பார்த்தார்.
அங்கமுத்து கத்தியைத் துணியில் சுற்றினான்.
வந்த கூலி முப்பது வெள்ளியை
எண்ணி வாங்கிக்கொண்டான்.
நியாயம்தானே.
முனியாண்டியின் வாயில் சுருட்டு புகைந்தது,
முன்பு எப்படிப் புகைந்ததோ அப்படி.

ரம்புத்தான் மரத்தில் கட்டியிருக்கிறேன்.
வெண்டிச்செடி ஏழும் காலி.
ஊன்றுகோல் முனையால் அதன் நெற்றியைச் சொறிகிறார் சன்னாசி.
அன்று ராத்திரி கோழிக்குழம்புதான் வைத்தேன்,
பாசாரில் வெட்டி வாங்கியது.
அதன் தலையில் யாரும் தண்ணீர் ஊற்றிக் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை. இரண்டு துண்டு தின்றேன்.

இப்போதெல்லாம்
பெரிய ரோட்டில் லோரி பின்னுக்கு வரும் சத்தம்,
பீ பீ என்று,
கேட்டால் விழித்துக்கொள்கிறேன்.
முதலில் அவர் மூச்சை எண்ணுகிறேன்.
பிறகு ஜன்னலைத் திறந்து
அதன் மூச்சை.

கடன் நிற்கிறது.
சங்கத்துக்கு இன்னும் பதினோரு மாதம்.
அவருக்கு எத்தனை என்று
அவர் சொல்லவில்லை.